எதிர்ப்பக்கம் பிடிக்க ஒரு ஆள்

தர்மம் செய்தால் புண்ணியம் கிடைக்கும் என்பார்கள். எங்கள் விளையாட்டில் புண்ணியத்துக்குப் பதிலாக அழுக்குத் துணியைத் துவைத்துக் கொடுத்தோம். புண்ணியத்தை யார் கண்ணால் பார்த்தார்கள்? வெளுத்த சட்டையையாவது போட்டுக்கொண்டு வெளியே போகலாம்.

சிரிக்காதீர்கள். இந்த யோசனை வந்தபோது நாங்கள் மூன்று பேரும் எங்களை மேதைகள் என்றே நினைத்துக்கொண்டோம்.

மூன்று பேர் என்றால் என் அண்ணன், அண்ணி, நான். அண்ணனுக்கு வாய். அவன் பேசினால் பூட்டிய கதவும் திறந்துகொள்ளும். அண்ணிக்கு விரல். கணினி முன்னால் நிரல் எழுத உட்கார்ந்துவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்ப மாட்டார். எனக்கு இருப்பது கோபம் ஒன்றுதான் என்று வீட்டில் சொல்வார்கள். அதனால்தான் சின்ன வயதிலேயே மிளகாய் என்று பெயர் வைத்து, நிஜப் பெயரை மறந்தும் போய்விட்டார்கள். ஆனால் விளையாட்டுக்கு விதி எழுதுவது நான்தான். யார் எதைச் செய்தால் என்ன கிடைக்கும், எதைச் செய்தால் என்ன போகும் என்பதெல்லாம் என் தலையிலிருந்துதான் வர வேண்டும்.

எங்கள் அலுவலகம் ஒரு சலவைக்கடைக்கு மேலே இருக்கிற ஒற்றை அறை. கீழே பெரிய மெஷின் சுற்றும்போது எங்கள் தரை அதிரும். மேசையில் வைத்த தேநீர்க் கோப்பை தானாக நகர்ந்து அண்ணன் பக்கம் போய்விடும். அவனும் யார் கோப்பை என்று கேட்காமல் குடித்துவிடுவான்.

விளையாட்டின் பெயர் 'கணப்பு'. ஒரு பனிமலை ஊர். உள்ளே வருகிறவர்கள் ஆளுக்கொரு வேடம் போட்டுக்கொள்வார்கள்: கொல்லன், வைத்தியச்சி, இடையன், மந்திரவாதி. பொழுது சாய்ந்தால் ஊருக்குள் குளிர் இறங்கும். கையில் இருக்கிற கம்பளியையோ விறகையோ ரொட்டியையோ இன்னொருவருக்குக் கொடுத்தால், கொடுத்தவருக்கு ஒரு தங்க இலை விழும். மற்ற விளையாட்டுகளில் வெட்டு, குத்து, பிடுங்கு. எங்களுடையதில் கொடு. அந்த இலைக்கு நிஜ உலகத்தில் மதிப்பு இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான்தான். கைப்பேசியில் இலையைக் காட்டினால் நிஜமான கடையில், நிஜமான மனிதர் ஏதாவது செய்து தர வேண்டும். இல்லையென்றால் அது வெறும் கைதட்டல்.

அதற்குக் கடைகள் வேண்டுமே! அண்ணன் தெருத்தெருவாக அலைந்தான். முடி திருத்துபவர் பார்க்கலாம் என்றார். சைக்கிள் கடைக்காரர் அடுத்த மாதம் என்றார். பேக்கரிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். கடைசியில் களைத்துப்போய் எங்கள் மாடிப்படியிலேயே உட்கார்ந்தவனை, கீழே சலவைக்கடை நடத்துகிற அக்கா பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார்.

"ஒரு இலை காட்டினா ஒரு மூட்டை துவைச்சுத் தரணும், அவ்வளவுதானே? துவைச்சாப் போச்சு. தலைக்கு மேல இருக்கறவங்க நீங்க, உங்களுக்கு இல்லாததா?" என்றார்.

"விளையாட்டு பெருசாச்சுன்னா கண்டிப்பா ஈடு கட்டிடுவோம் அக்கா," என்றான் அண்ணன்.

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம், போ. நான் சொன்னா சொன்னதுதான்."

அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொடுப்பதென்றால் கை தாராளம். வாங்குவதென்றால் கையே கிடையாது. பக்கத்தில் ஒரு தங்கும் விடுதி இருக்கிறது. அதன் படுக்கை விரிப்புகள் காலையில் மூட்டையாக வரும், மாலையில் மடித்துப் போகும். கடைக்கு அச்சாணியே அந்த விடுதிதான், மற்றதெல்லாம் சில்லறை. இரண்டு பேர் படுக்கிற பெரிய விரிப்பை ஒருத்தியாக மடிக்க முடியாது என்று நீங்கள் நினைப்பீர்கள். அக்கா சுவரில் இரண்டு கொக்கி அடித்து வைத்திருந்தார். விரிப்பின் இரண்டு முனைகளைக் கொக்கியில் மாட்டி, மறுமுனையை இழுத்துப் பிடித்து, நடந்து போய்ச் சேர்த்து, மோவாயில் இடுக்கி, மறுபடி இழுத்து மடிப்பார். பார்க்கிற நமக்குக் கழுத்து வலிக்கும். நான் ஒரு தடவை எதிர்ப்பக்கம் பிடிக்கப் போனேன். "வேண்டாம் வேண்டாம், எனக்குப் பழகிடுச்சு," என்று முனையைப் பிடுங்கிக்கொண்டார்.

நான் மட்டும் என்ன யோக்கியம்? கொட்டுகிற மழையில் அவர் நீட்டிய குடையை, "பரவாயில்லக்கா, வீடு பக்கம்தான்," என்று தள்ளிவிட்டு நனைந்து போய், ஒரு வாரம் தும்மினவள் நான். ஜாடிக்கேற்ற மூடி.

சோதனை ஓட்டம் ஆரம்பித்தது. சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தினர், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பனிமலை நிறைந்துவிட்டது. திரையில் இலைகள் மழையாகக் கொட்டின. இத்தனை தர்மம் இந்த உலகம் எந்தக் காலத்திலும் பார்த்திருக்காது.

"பாத்தியா மிளகா! மனுஷன் அடிப்படையில நல்லவன். நீதான் எல்லாரையும் திட்டற," என்று அண்ணன் நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றினான்.

எனக்கும் பூரிப்பாகத்தான் இருந்தது. அந்தப் பூரிப்போடு ஒரு நாள் காலை அலுவலகத்துக்கு வந்தால், சலவைக்கடை வாசலில் தெரு முனை வரைக்கும் வரிசை. ஆளுக்கொரு மூட்டை. வரிசையின் தலையில் யார் தெரியுமா? அண்ணனின் சகலைகள் இருவரும். அண்ணியின் தங்கைகளைக் கட்டியவர்கள். பெரியவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர், சின்னவர் பள்ளியில் கணக்கு வாத்தியார்.

"என்னண்ணா இது, வீடு மாத்தறீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல மிளகா, இலை இருக்கு." பெரியவர் கைப்பேசியைக் காட்டினார். ஒரு மரத்துக்கே போதுமான இலைகள்.

"ஜன்னல் திரை எல்லாம் இருக்கு!"

"சோஃபா உறையும் இருக்கு," என்றார் சின்னவர் அடக்கமாக.

"இவ்வளவு இலை வர அளவுக்கு அப்படி யாருக்கு என்னதான் குடுத்தீங்க?"

பெரியவர் சின்னவரைப் பார்த்தார். சின்னவர் வானத்தைப் பார்த்தார்.

"நான் இவருக்கு ஒரு கம்பளி குடுத்தேன்," என்றார் பெரியவர்.

"சரி."

"இவர் எனக்கு ஒரு கம்பளி குடுத்தார்."

"அதே கம்பளியையா?"

"நல்ல கம்பளிம்மா. எதுக்கு மாத்தணும்?"

எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. "வெக்கமா இல்லையா உங்களுக்கு? நாள் முழுக்க ஒரே கம்பளிய இப்படியும் அப்படியும் மாத்திக் குடுத்துட்டு, அது பேரு தர்மமா?"

"கூடாதுன்னு விதியில எங்க இருக்கு?" என்று கேட்டார் வாத்தியார். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

விதியில் எங்கும் இல்லை. அதை எழுதிய மகராசி நான்தான். கோபத்தோடு படியேறினேன்.

அண்ணி ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தார். "இவங்க ரெண்டு பேர் மட்டும் இல்ல. எல்லாருமே ஜோடி போட்டுக்கிட்டு இதைத்தான் பண்றாங்க. பனிமலையில யாருக்கும் குளிரவே இல்ல. எல்லார்கிட்டயும் கம்பளி இருக்கு. அப்ப யாருக்குத்தான் குடுப்பாங்க?"

"அதுக்குத்தானே அந்தத் தாடிக்காரரை உக்கார வெச்சோம்?" என்றேன். ஒன்றுமே இல்லாத ஒரு வழிப்போக்கரை அண்ணி வரைந்து, கணவாய் ஓரத்தில் உட்கார வைத்திருந்தார். யாருக்காவது கொடுக்கத் தோன்றினால் அவருக்குக் கொடுக்கலாம் என்று.

அண்ணி திரையைத் திருப்பினார். கணவாயில் ஒரு குன்று இருந்தது. முழுக்கக் கம்பளி.

"அவர் எங்க?"

"உள்ளதான் இருக்கார்."

"மூச்சு முட்டாதா?" என்று பதறினான் அண்ணன்.

"அவருக்கு நான் மூச்சு எழுதலை," என்றார் அண்ணி.

அப்போதுதான் அது நடந்தது. சத்தமாக ஒன்றும் இல்லை. நகர்ந்துகொண்டிருந்த தேநீர்க் கோப்பை பாதி வழியில் நின்றுவிட்டது. தரை அதிரவில்லை. நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அண்ணி எழுந்தே நின்றுவிட்டார் என்றால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கீழே கடை முழுக்கத் தண்ணீர். கருகிய நாற்றம். பெரிய மெஷின் கதவைத் திறந்துகொண்டு செத்துக் கிடந்தது. அதன் வாயிலிருந்து சோப்பு நுரையோடு விடுதியின் விரிப்புகள் தொங்கின. துவைக்கக் காத்திருந்தவை இன்னொரு மூலையில் மலையாகக் கிடந்தன. இரண்டு சின்ன மெஷின்களிலும் எங்கள் இலைக்காரர்களின் துணி சுற்றிக்கொண்டிருந்தது. மெக்கானிக் வந்து குனிந்து பார்த்தார், உச்சுக்கொட்டினார். உள்ளே ஒரு பாகம் போய்விட்டதாம், நாளைக்குத்தான் கிடைக்குமாம், சில நாளாக இலைத் துணியையும் சேர்த்து ராத்திரி பகலாக ஓட்டினால் இரும்பு மட்டும் என்ன செய்யும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை விடுதிக்கு ஒரு சுற்றுலாக் கூட்டம் வருகிறது. அத்தனை அறைக்கும் விரிப்பு வேண்டும். விடுதி மேனேஜர் கறார் ஆசாமி. ஒரு நாள் தவறினாலும் வேறு கடை பார்த்துக்கொள்வேன் என்று முதல் நாளே சொன்னவர். முன்பிருந்த சலவைக்காரரை அப்படித்தான் நிறுத்தினார். விடுதி போனால் அக்காவின் கடை போகும். அது அக்காவுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். எங்களால்தான் என்பதும் தெரியும்.

"அக்கா, முதல்ல இந்த இலைக்காரங்க துணிய வெளிய எடுங்க," என்றேன்.

"சொன்ன சொல்லு என்ன ஆகறது? துவைச்சுத் தரேன்னு சொன்னேன், தரேன்."

"சரி, மேனேஜர்கிட்ட ஒரு நாள் டைம் கேளுங்க."

"கேக்க வாய் வராது."

"வேற லாண்டரியிலயாவது கேளுங்க. உங்களுக்குத் தெரிஞ்சவங்க இல்லையா?"

"கேளு கேளுங்கறியே! என் வேலைய எடுத்துக்கிட்டுப் போய் அடுத்தவங்க வாசல்ல நின்னு கேக்கச் சொல்றியா?"

சொல்லிவிட்டு என்ன செய்தார் தெரியுமா? சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு வாளியை இழுத்துப் போட்டு, விடுதி விரிப்புகளைக் கையால் கசக்க ஆரம்பித்தார். அந்த மலையை! யானைப் பசிக்குச் சோளப்பொரி போடுகிற கதை. நான் குனிந்து ஒரு விரிப்பைப் பிழியப் போனேன். ஈரக் கையால் என் கையைத் தள்ளினார்.

"நீ மேல போ. உன் வேலையப் பாரு."

எனக்கு அழுகை வந்தது. எனக்கு அழுகை வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். படிகளை மிதித்து ஏறினேன்.

"பனிமலையில இருக்கற எல்லாருக்கும் நான் இப்பவே சொல்லப் போறேன். பாதிப் பேர் இந்தத் தெருக்காரங்கதான். வீட்டுக்கு வீடு மெஷின் இருக்கு. ஆளுக்கொரு மூட்டை எடுத்துட்டுப் போனா மத்தியானமே முடிஞ்சுடும்," என்று சொல்லிக்கொண்டே திரையின் முன் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தவள் அப்படியே இருந்தேன். எங்கே சொல்வது? பேசும் வசதியை அண்ணி இன்னும் எழுதவில்லை. கும்பிடலாம், தலையாட்டலாம். மற்றபடி இருப்பது 'கொடு' என்று ஒரு பெரிய பொத்தான். எனக்கு இது வேண்டும், எனக்குக் குளிர்கிறது, கொஞ்சம் வாருங்கள் என்று சொல்ல அந்த உலகத்தில் வழியே இல்லை. மாதக்கணக்கில் உட்கார்ந்து ஈகையைப் பற்றி விதி எழுதியிருக்கிறேன், கேட்கிறவனுக்கு ஒரு வாய் வைக்கவில்லை. தாடிக்காரரைக்கூட ஆளாகவா வைத்தோம்? கம்பளி மாட்டுகிற கொக்கியாக வைத்தோம்.

"அண்ணி," என்றேன், "கேள்னு ஒரு பட்டன் வேணும்."

அண்ணி என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். "அட ஆமா," என்றார்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"நீ கத்தாம இருந்தா சீக்கிரம் ஆகும்."

நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அண்ணன், கேட்டவருக்கு உதவினால் எத்தனை இலை என்று ஆரம்பித்தான். அதையெல்லாம் இப்போது எழுத முடியாது, கேள் என்றால் கேள் மட்டும்தான், அதற்கு மேல் ஒன்றும் கிடையாது என்று அண்ணி சொல்லிவிட்டார். அவர் விரல்கள் ஓடின. ஊர் நடுவில் ஒரு மணி வந்தது. யாராவது கேட்டால் அந்த மணி அடிக்கும், எல்லோருடைய திரையிலும் அவர் கேட்டது தெரியும்.

கைப்பேசியை எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன்.

"அக்கா, இதை ஒரு அழுத்து அழுத்துங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

என்ன ஏது என்று கேட்டுக்கொண்டார். பிறகு கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "மாட்டேன்."

"ஒரே ஒரு அழுத்துக்கா!"

"ஊருக்கே மணி அடிச்சு, எனக்கு முடியலை வாங்கன்னு சொல்லணுமா? மாட்டேன்."

"கடையே போயிடும்!"

"போகட்டும்!"

"உங்க வீம்புக்கு ஒரு அளவே இல்லையா?" என்று கத்தினேன்.

"யாரு வீம்பைப் பத்திப் பேசறது பாரு! குடை குடுத்தா வாங்காதவ! நீ அழுத்தேன் பாப்போம்!" என்று அவரும் கத்தினார்.

கடையில் நின்றவர்கள் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். நான் கைப்பேசியைப் பார்த்தேன். என்னவோ சின்ன விஷயம் என்று நினைத்துத்தான் இத்தனை நேரம் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். என் விரல் அந்தப் பொத்தான் மேல் போய் அங்கேயே நின்றுவிட்டது. யாரும் வராவிட்டால்? படித்துவிட்டுச் சிரித்துவிட்டுப் போய்விட்டால்? இதற்குப் பதில் கம்பளி தூக்கிக்கொண்டு நாள் பூராவும் நடக்கலாம் போலிருந்தது.

எழுதினேன்: "சலவைக்கடை மெஷின் நின்னுபோச்சு. காரணம் எங்க விளையாட்டு. விடுதி பெட்ஷீட்டெல்லாம் சாயங்காலத்துக்குள்ள துவைச்சு ஆகணும். உங்க வீட்டு மெஷின்ல ஒரு மூட்டை போட்டுத் தருவீங்களா? இலை எதுவும் கிடைக்காது. நான்தான் கேக்கறேன். மிளகாய்."

அழுத்தினேன்.

மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். தெருவில் ஒருவரும் இல்லை. வரிசையில் நின்றவர்களும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நழுவிவிட்டார்கள். ஒரு நாய் வந்து என்னை முகர்ந்துவிட்டுப் போனது. வெட்கம் பிடுங்கித் தின்றது. உள்ளே வாளியில் துணி கசக்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

முதலில் வந்தவர்கள் சகலைகள். கையில் காலிப் பைகள். துணியை வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள்.

"மணி அடிச்சுதே," என்றார் பெரியவர்.

"இதுக்கு எத்தனை இலை?" என்றார் வாத்தியார்.

"ஒண்ணும் கிடையாதுன்னு எழுதியிருந்தேனே!"

"பாத்தேன். ஒரு தடவை கேட்டு உறுதி பண்ணிக்கிட்டேன்." பையை விரித்தார். "அப்ப கணக்கு சுலபம். போடு."

அவர்கள் பின்னாலேயே கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். "நான்தாங்க பனிமலை வைத்தியச்சி." அப்புறம் வாசலை அடைத்துக்கொண்டு ஒரு ஆள், பூனைக்குட்டி போன்ற குரலில், "மந்திரவாதி," என்று அறிமுகம் செய்துகொண்டார். ஊதினால் பறந்துவிடுகிற மாதிரி இருந்த ஒரு கல்லூரிப் பெண், தான்தான் கொல்லன் என்றாள். நழுவியவர்களில் பாதிப் பேர் மூட்டையை வீட்டில் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். கடை கொள்ளவில்லை.

அக்கா ஈரக் கையோடு திகைத்து நின்றார். "யாரு இவங்க எல்லாம்?"

"பனிமலைக்காரங்க."

"இப்ப நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். குடுங்க, அது போதும்."

கொடுப்பதென்றால்தான் அவருக்குக் கை தாராளமாயிற்றே! சுதாரித்துக்கொண்டார். "கலர்த் துணியோட சேத்துப் போடாதீங்க. வெந்நீர் வேண்டாம். வெயில்ல விரிச்சுப் போடுங்க, கொடியில சுருட்டி வைக்காதீங்க." மூட்டைக்கு மூட்டை அதட்டல். மலை கரைந்தது. கடைசி மூட்டையை அண்ணன் வீட்டுக்கு எடுத்துப் போனான். அவன் மெஷினைத் தொட்டது அதுதான் முதல் முறை என்று அண்ணி சொன்னார்.

பிற்பகலுக்கு மேல் விரிப்புகள் திரும்பத் தொடங்கின. ஒவ்வொரு வீட்டு சோப்புக்கும் ஒவ்வொரு வாசனை. ஒருவர் சதுரமாக மடித்திருந்தார், ஒருவர் சுருட்டியிருந்தார், மந்திரவாதி இஸ்திரியே போட்டிருந்தார். அண்ணன் கொண்டுவந்ததில் ஒன்று இளஞ்சிவப்பாக இருந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு, தன் சிவப்புச் சட்டை உள்ளே ஒளிந்திருந்தது தெரியாது என்றான்.

ஆனால் விடுதிக்கு ஒரே மாதிரி மடித்தாக வேண்டும், விடுதியின் முத்திரை மேலே தெரிய. எல்லாவற்றையும் பிரித்தோம். ஜோடி ஜோடியாக நின்று இழுத்து மடித்தோம். வைத்தியச்சியும் கொல்லனும், மந்திரவாதியும் அண்ணியும். சகலைகள் இருவரும் எதிரெதிரே நின்று ஒரு விரிப்பை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டது பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. அவர்களுக்குத்தான் அதில் பழக்கம் ஆயிற்றே.

இத்தனை பேருக்கு நடுவில் அக்கா தன் கொக்கியில் விரிப்பை மாட்டி, மோவாயில் இடுக்கி, தனியாக மடித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"இந்தப் பக்கம் நான் பிடிக்கறேனே."

"வேண்டாம். பழகிடுச்சு."

"ஊரே வந்து பிடிக்குது, நான் பிடிச்சா மட்டும் கசக்குதா?" என்று கேட்டுவிட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான்.

அவர் விரிப்பை மோவாயில் இன்னும் இறுக்கி இடுக்கிக்கொண்டார். நான் போய் அண்ணனோடு மடித்தேன்.

மேனேஜர் வந்தார். அடுக்கைப் பார்த்தார், ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். "என்னம்மா இன்னைக்கு ஒவ்வொண்ணும் ஒரு வாசனை அடிக்குது?" பெரிய சகலை கண்ணை மூடிக்கொண்டார். "நல்லாத்தான் இருக்கு," என்றார் மேனேஜர். "இது என்ன, சிவப்பு?"

"அது நாளைக்கு வெளுத்துத் தரேன்," என்றார் அக்கா.

"இருக்கட்டும், என் ரூம்ல போட்டுக்கறேன்." வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அப்புறம் கடையில் எழுந்த கூச்சலை எழுத்தில் எழுத முடியாது. கடை பிழைத்தது. நானும் கத்தினேன், ஆனால் பாதி மனசோடுதான்.

மறுநாள் பாகம் வந்தது, மெஷின் ஓடியது. தரை அதிர, கோப்பை நகர, நாங்கள் விதிகளை அடியோடு மாற்றி எழுத உட்கார்ந்தோம். இனிமேல் சும்மா கொடுத்தால் இலை இல்லை. ஒருவர் கேட்டு, இன்னொருவர் செய்து, கேட்டவர் 'வந்து சேர்ந்தது' என்று சொன்னால்தான் இலை. அந்த இலையைக் கடையில் காட்ட வேண்டாம். பனிமலைக்காரர்களிடமே காட்டி, லிஃப்ட் பழுதோ, கணக்குப் பாடமோ, ஒரு மூட்டைத் துணியோ, தனக்கு வேண்டியதைக் கேட்டுக்கொள்ளலாம். எல்லாம் அக்கா தலையில் விடியாது. சகலைகளுக்கு மட்டும் தனியாக ஒரு விதி எழுதலாமா என்று அண்ணன் யோசித்துக்கொண்டிருந்தபோது திரையில் மணி அடித்தது.

யாரோ புதியவர். வேடம் அரசி. தலையில் கிரீடம், தோளில் பட்டு.

"யாரு இந்த மகாராணி?" என்றான் அண்ணன்.

அண்ணி திரும்பாமலே, "காலைல கீழ போயிருந்தேன். எப்படிச் சேர்றதுன்னு கேட்டாங்க, சேத்துவிட்டேன்," என்றார்.

அரசி கேட்டிருந்தது இது: "பெரிய பெட்ஷீட் மடிக்கணும். எதிர்ப்பக்கம் பிடிக்க ஒரு ஆள் வேணும். கத்தாத ஆளா இருந்தா நல்லது."

வேறு யாராவது முந்திக்கொள்வதற்குள் 'வருகிறேன்' என்று அழுத்திவிட்டு, படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினேன்.

சுவரில் கொக்கிகள் காலியாக இருந்தன. அக்கா ஒரு விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு கடை நடுவில் நின்றார். மறுபக்கம் தரையில் படாமல் இருக்க மேசை மேல் கிடந்தது. நான் அதை எடுத்துப் பிடித்தேன். இழுத்தோம். உதறினோம். நடுவில் வந்து முனைகளைச் சேர்த்தோம். அவர் விரல் என் விரலில் பட்டது, சோப்புத் தண்ணீரில் ஊறிச் சொரசொரப்பாக. என் கண் நிறைந்துவிட்டது. மறைப்பதற்குக் கை காலியாக இல்லை.

இரண்டாவது விரிப்பு முடிந்தது. மூன்றாவதும் முடிந்தது.

"என்ன, பேச்சு மூச்சையே காணோம்?" என்றார் அக்கா.

"கத்தாத ஆள் வேணும்னு கேட்டிருந்தீங்களே."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த சிரிப்பில் கையிலிருந்த முனை நழுவி, துவைத்த விரிப்பு தரையில் விழுந்தது.

"போச்சு! மறுபடி துவைக்கணும்," என்றார். "சரி, கத்திக்கோ."